புத்தகத்தில் இல்லாத வரி

1

என் மகள் ரம்யா சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்த விண்ணப்பப் பாரம் நாலு பக்கம் இருந்தது. கைவிடப்பட்ட நாய், பூனைகளைப் பராமரித்து, வளர்க்க ஆள் தேடிக் கொடுக்கும் காப்பகம் ஒன்று நாங்கள் இருக்கும் ஊரில் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை ஒருநாள் அங்கே அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு வாரமாக வேறு பேச்சே பேசவில்லை. சாம்பல் நிறமாம். கண் நீலமாம். ஒரு நிமிஷம் சும்மா நிற்காதாம்.

"வெய்மர் நாய்தானே? வளர வளர அந்த நீலம் போய்த் தேன் நிறமாகிவிடும்" என்றேன்.

"வைமரானர்" என்று என் உச்சரிப்பைத் திருத்தினாள். பிறகு, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். இங்கிலீஷில்தான் கேட்டாள். இப்போதெல்லாம் அவள் என்னிடம் பேசுவது முழுக்க இங்கிலீஷ். நான் தமிழில் பதில் சொல்கிறேன். பன்னிரண்டு வயது. இன்னும் இரண்டு வருஷம் போனால் என் பதில் அவளுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

பாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். வீட்டில் எத்தனை பேர், வேலி எத்தனை அடி உயரம், நாய் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், உங்களுக்கு வேலை போனால் அதன் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள். கனடாவுக்குள் என்னை அனுமதிக்கும்போதுகூட இவர்கள் என் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படவில்லை. பதினோராவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா? ஆம் என்றால், அதற்கு என்ன ஆயிற்று?'

ரம்யா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். 'இரண்டு நாய்கள். வயதாகி இறந்துபோயின' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி வசந்தி அதைப் படித்தாள். திரும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

நான் எழுதியதில் பாதி பொய். அந்த மாதத்தோடு நான் இங்கே வந்து பத்து வருஷம் முடிந்திருந்தது. பொய்யான அந்தப் பாதியைச் சொல்லாமல் இந்தப் பத்து வருஷத்தைப் பற்றி நான் வேறு எதை எழுதினாலும் அது கதையளப்பாகத்தான் இருக்கும்.

2

எண்பத்தைந்தாம் வருஷம் எங்கள் வீடு பருத்திப்பட்டில், ஏரிக்கரையை ஒட்டி. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் நைனா. இரண்டாவது நான். மண்ணூர்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில், இரும்பில் அச்சு வெட்டும் டூல் ரூம் வேலை. கல்யாணமாகி, ரம்யா பிறந்து சில மாதம் ஆகியிருந்தது.

என் தம்பி பழனிக்கு அப்போது பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டடித்துவிட்டு வீட்டில் இருந்தான். இங்கிலீஷ் புத்தகம் என்றால் மூடி வைத்துவிடுவான். எழுத்தைக் கூட்டுவான், வார்த்தை வராது. தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லி விசாரிப்பதில்லை. 'ஃபிட்டர் ஊட்டு சின்னது' என்பார்கள்.

தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த வடக்கத்தி அதிகாரி ஒருவர் வீட்டுக்கு, மோட்டார் பம்பு கெட்டால் நைனா போய்ச் சரி செய்து தருவார். அவருக்குத் திடீரென்று மாற்றல் வந்தது. அவர் வளர்த்த நாய் போட்ட குட்டிகளில் இரண்டு மிச்சம். ஒரு காய்கறிக் கூடையில் அந்த இரண்டையும், கூடவே நாய் வளர்ப்பது பற்றிய மெல்லிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றையும் வைத்து நைனாவிடம் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார்.

கூடையை இறக்கியதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மனுசாளுக்கே இங்க எடம் பத்தல. இது ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா?"

பழனி மட்டும் கூடைக்குப் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தான். சாம்பல் பூசினாற்போல் வழவழவென்ற தோல், மடங்கிய பெரிய காது. ஆண் குட்டி கூடையைக் கவிழ்த்து வெளியே வந்து, நேராகச் சுவரில் போய் முட்டி, திரும்பி, மறுபடியும் முட்டியது. "டாங்கி மாரி போவுது பாரேன்" என்று பழனி சிரித்தான். ராணுவத்துக்கு டாங்கி செய்யும் ஊர் ஆவடி, ஆவடிக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? அது டாங்கு ஆயிற்று. பெண் குட்டி சில்வர்போல் பளபளப்பாக இருந்ததால் சில்வி. எதிர்வீட்டில் செல்வி என்று ஒரு பெண். பழனி நாயைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெண் 'இன்னா' என்று கேட்டு, பிறகு திட்டும்.

3

முதல் இரண்டு மாதத்தில் அவை கடித்துக் குதறியவை: நைனாவின் தொழிற்சாலை பூட்ஸ், கட்டிலின் நாடா, கொடியில் காய்ந்த புடவைகளின் முந்தானை. பக்கத்து வீட்டுக் கோழிகள் ஆறு. அந்த வீட்டு அம்மாள் ஒவ்வொரு கோழியையும் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போவாள். வேட்டைக்கென்று வளர்த்த ஜாதி. ஓட விடாவிட்டால் வீட்டைத்தான் வேட்டையாடும்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் பழனி அந்தப் புத்தகத்தோடு காத்திருப்பான். நான் ஒரு பத்தி படிப்பேன், தமிழில் சொல்வேன். அவன் தரையில் உட்கார்ந்து கேட்பான். "மறுக்கா படிண்ணா" என்பான். மறுபடி படிப்பேன். அவனுக்கு இரண்டு தடவை கேட்டால் போதும், வரி மாறாமல் மனசில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் இவனை எப்படிக் கோட்டை விட்டார்கள் என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஒரே ஈற்றுக் குட்டிகளைச் சேர்த்து வளர்ப்பது சிரமம் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும், மனிதனைப் பார்க்காது. ஆகையால் தனித்தனியாகத் தீனி வை, தனித்தனியாகப் படுக்க வை, தனித்தனியாகப் பழக்கு என்று போட்டிருந்தது. சில்வியை முன்பக்கம் கட்டினோம், டாங்கைப் பின்பக்கம். ஒன்பது நாள் இரண்டும் மாறி மாறி ஊளையிட்டன. பக்கத்துத் தெருவிலிருந்துகூட வந்து சண்டை போட்டார்கள். பழனி எல்லாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டான். பத்தாம் நாள் அடங்கின.

விடிந்ததும் ஏரிக்கரை. நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் எனக்குச் சில்வி, அவனுக்கு டாங்கு. நீளக் கயிறு, சட்டைப் பையில் ரஸ்க் துண்டுகள். பின்பக்கத்தை லேசாக அழுத்தி 'சிட்' என்று சொல்ல வேண்டும். உட்கார்ந்தவுடன் ரஸ்க். எழுந்துவிட்டால் கோபப்படாமல் மறுபடி. எனக்குப் பத்து தடவைக்கு மேல் பொறுமை இருக்காது. பழனி நூறு தடவை செய்வான். முகம் மாறாது. டாங்கு தனியாக இருந்தால் உட்கார்ந்துவிடும். கரையின் அந்தக் கோடியில் சில்வியின் வால் தெரிந்தால் போதும், கயிற்றோடு பழனியை இழுத்துக்கொண்டு பறக்கும். முழங்கை, முட்டி எல்லாம் அவனுக்குச் சிராய்ப்பு. இரண்டும் ஒன்றன் பக்கத்தில் ஒன்று உட்கார்ந்து, அவன் 'கம்' என்று சொல்லும்வரை நகராமல் இருக்க எட்டு மாதம் ஆயிற்று.

ஒரு வயதில், அவன் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் இரண்டும் கயிறில்லாமல் ஓடி வரும். சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் நான் ரயிலிலிருந்து இறங்கும்போது மூன்று பேரும் வெளியே நிற்பார்கள். ஜனம் நின்று பார்க்கும். "யார்ரா அது?" என்று ஒருவன் கேட்க, "பருத்திப்பட்டு பழனிடா, நாய்ப் பழனி" என்று இன்னொருவன் சொன்னது என் காதில் விழுந்தது. வெளி ஜனம் என் தம்பியின் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

4

இங்கே கனடாவுக்கு வந்த முதல் மாதம் ஃபோர்மேன் என் படிப்பைப் பற்றி விசாரித்தார். எழுபத்தெட்டில் 'பாஸ் அவுட்' ஆனேன் என்றேன். அவர் பதறிப்போய், "இப்போது பரவாயில்லையா? டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டார். மயங்கி விழுந்தேன் என்று இங்கே அதற்கு அர்த்தமாம். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொரு வார்த்தையையும் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். ஊரில் நான் இங்கிலீஷ் தெரிந்தவன். அந்தத் தெருவில் தந்தி வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இங்கே வங்கியிலிருந்து, எனக்குப் பிடிபடாத இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தால் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன். அவள் கண்ணைச் சுழற்றிக்கொண்டு படிக்கிறாள். அவள் படித்தது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? நம்புகிறேன், அவ்வளவுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

5

கனடாவுக்கு அச்சு வெட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டும் என்று எங்கள் டூல் ரூமில் ஒரே பேச்சாக இருந்த சமயம். நானும் விண்ணப்பித்தேன். என்னென்ன மிஷினில் எத்தனை வருஷம் வேலை செய்தேன் என்று கம்பெனிக் கடிதத் தாளில் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் அவர் அறை வாசலில் நின்றேன். "பார்க்கலாம்ப்பா. நல்ல வேலைக்காரனை அனுப்பிட்டு நான் என்ன பண்றது?" என்பார். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பூந்தமல்லியில் பெரிய மதில் வைத்த வீடு. எங்கள் பக்கமாகத்தான் காரில் போவார், வருவார். ஒருநாள் அவரே என்னை நிறுத்திக் கேட்டார்.

"ஏரிக்கரையில ரெண்டு சாம்பல் நாய் சைக்கிளோட ஓடுதே, யாருதுப்பா?"

"நம்மளுதுதான் சார். தம்பி பழக்கினது."

"ரெண்டுமா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். நாயைக் கொடு என்று அவர் கேட்கவே இல்லை. நான்தான் சொன்னேன்: "ஒண்ணு வேணும்னா எடுத்துக்கங்க சார்."

"ஆண் நாய்னா காவலுக்கு ஆகும்" என்றார். "உன் லெட்டர் விஷயம் என்ன ஆச்சு? டைப் பண்ணச் சொல்லு."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பழனி டாங்கின் காது மடலை விரித்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தான். நான் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்தைப் புரட்டி, படிப்பதுபோலச் சொன்னேன்.

"ஒரே ஈத்து நாய்ங்க ரெண்டு வயசு ஆவறதுக்குள்ள ஒரு பதினஞ்சு நாளாவது வேற வேற ஊட்ல இருக்கணும். இல்லன்னா பெருசானதும் ஒண்ண ஒண்ணு கடிச்சிக் கொன்னுடும்."

பழனி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். "அப்டியா போட்டுகீது? எந்த எடத்துலண்ணா?"

ஒரு வரியில் விரல் வைத்துக் காட்டினேன். நகம் வெட்டுவதைப் பற்றிய வரி அது. பழனி குனிந்து அந்த வரியை நெடுநேரம் பார்த்தான்.

"யார் ஊட்ல உடறது?"

"எங்க மேனேஜர் ஊட்ல கேட்டுகீறேன்."

"சரிண்ணா. பதினஞ்சு நாளுதான?"

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. டாங்கு யார் சொன்னாலும் ஏறவில்லை. பழனிதான் ஏற்றினான். அதன் தட்டையும் கயிற்றையும் துணியில் கட்டி உள்ளே வைத்தான். மேனேஜரிடம், "தெனம் காத்தால ஓட்டணும் சார். ஓட்டலன்னா கெட்டுப்பூடும். கட்டியே போட்டுடாதீங்க" என்றான். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உள்ளே கட்டியிருந்த சில்வி கயிறு இறுகி இருமும்வரை குரைத்தது. அம்மா என்னைத் தனியாக இழுத்துப் போய், "உண்மையா பதினஞ்சு நாளுதானாடா?" என்று கேட்டாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை சான்றிதழில் கையெழுத்து ஆயிற்று.

பதினைந்து நாள் ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று. 'சார் ஊர்ல இல்ல' என்பேன், 'அவங்க ஊட்ல விசேஷம்' என்பேன். பழனி ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் பூந்தமல்லிக்குப் போய் மதிலுக்கு வெளியே நிற்பான். முதலில் வாட்ச்மேன் உள்ளே விட்டிருக்கிறார். பிறகு, இவன் வந்து போனால் நாய் தின்பதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். விசா வந்தது. மீனம்பாக்கத்துக்கு என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவன் பழனிதான். உள்ளே போகும் சமயத்தில் என் கையைப் பிடித்தான்.

"சார் கைல சொல்ட்டியாண்ணா? டாங்க இட்டுகினு வர்றதுக்கு?"

"சொல்ட்டேண்டா. நீ போய் இட்டுக்கோ."

6

வசந்தியும் ரம்யாவும் ஒரு வருஷம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். வந்த நாலாம் நாள், நான் வாங்கி வைத்திருந்த கம்பளிக் கோட்டை வசந்திக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். "டாங்கு எப்படி இருக்கு?" என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவள் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

அங்கே அதைச் சங்கிலியில் கட்டியே போட்டிருக்கிறார்கள். ஒருநாள்கூட ஓட விடவில்லை. கழுத்தில் சங்கிலி அறுத்துப் புண். கிட்டே போனவர்களையெல்லாம் பாய்ந்திருக்கிறது. நான் வந்த ஏழாம் மாதம் மேனேஜரின் மகன் பந்தை எடுக்கப் போய்க் கையில் கடி வாங்கியிருக்கிறான். ஊசி போட்டுக் கொன்றுவிடுவது என்று டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் டாக்டரால் கிட்டே போக முடியவில்லை. பருத்திப்பட்டுக்குக் கார் அனுப்பினார்கள்.

"தம்பி சாப்டுகினு இருந்துச்சி" என்றாள் வசந்தி. பழனியை அவள் தம்பி என்றுதான் சொல்வாள், நைனாவை மாமா என்று. "டாங்கு கடிச்சிடிச்சி, வான்னாங்க. கைய கூட கழுவாம ஏறிடுச்சி. மாமாவும் கூடப் போனாரு. மாமா வந்துதான் எனக்குச் சொன்னாரு."

"இன்னா சொன்னாரு?"

"தம்பியப் பாத்ததும் அது கத்தறத உட்டுடிச்சாம். ஊசி போடப் போறாங்கன்னு தம்பிக்கு அங்க போய்தான் தெரியும். வேணாம் சார், நான் இட்டுகினு பூட்றேன் சார்னு கால்ல உழுந்துச்சாம். புள்ளையக் கடிச்ச நாய ஊர்ல உட முடியாதுன்ட்டாங்களாம். நீ புடிக்கலன்னா கட்டையால அடிக்க ஆள் வரும்னாங்களாம்." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஒரு தபாதான் சிட்டுன்னு சொல்லிச்சாம். உடனே உக்காந்துச்சாம். தம்பி அது தலைய மடியில வச்சிகிச்சாம்."

பூந்தமல்லியிலிருந்து பழனி காரில் வர மறுத்து, வெயிலில் நடந்தே வந்திருக்கிறான். மறுநாள் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஆவடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே சொல்லிக்கொடுக்கும் மல்லிகா என்ற பெண்ணைக் கெஞ்சி, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தமிழில் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

"திரும்பி வந்து அலமாரியில வச்சிச்சி. 'அப்டி ஒரு வரியே அதுல இல்ல அண்ணி'ன்னுச்சி. நான் தல குனிஞ்சிகினு நின்னேன். எனக்கும் தெரிஞ்சிதான் நடந்துச்சின்னு அது நெனச்சிருக்கும்ல?"

"எனக்கு ஏன் எழுதல நீ?"

"எழுதுனா இன்னா பண்ணியிருப்பீங்க? பதிலுக்கு ஒரு பொய்ய எழுதியிருப்பீங்க."

நான் அதன்பிறகு பழனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டில் நலம் விசாரித்தேன். மூன்றாவதில்தான் மன்னிப்பு என்ற வார்த்தை வந்தது. எதற்கும் பதிலில்லை. நைனா இறந்தபோது என் குடியுரிமைக் காகிதங்கள் ஏதோ ஓர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. வெளியே போனால் திரும்ப வருவது நிச்சயமில்லை என்றார்கள். போகவில்லை. கொள்ளி போட்டது பழனி. சில்வி பதினோரு வயது வரை அவனோடு இருந்து செத்தது என்று அம்மா எழுதச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. பாரத்தில் நான் எழுதிய உண்மைப் பாதி அது.

7

காப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் வேலி நாலடிதான், ஐந்தடி வேண்டுமாம். அதோடு ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒரே வீட்டில் கொடுப்பதில்லை. வேறு வேறு வீட்டுக்குப் பிரித்துத்தான் கொடுப்போம், இரண்டுக்கும் அதுதான் நல்லது என்று அந்தப் பெண்மணி மிகவும் அன்பாக விளக்கினார். நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு 'எஸ், எஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலியை உயர்த்துகிறேன், ஒன்றையாவது கொடுங்கள் என்று கேட்கவில்லை.

ரம்யா இரண்டு நாள் அழுதாள். "எல்லாம் உங்களால்தான், உங்களுக்கு நாய் என்றாலே பிடிக்காது" என்று கத்தினாள். அப்போதுதான் வசந்தி அவளை உட்கார வைத்து, தெரிந்த இங்கிலீஷும் தமிழுமாக, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

சொல்லி முடித்ததும் ரம்யா என்னிடம் வந்தாள். டாங்கைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "பாரத்தில் பொய் எழுதினீர்களா?" என்று கேட்டாள். இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளை. பாரத்தில் பொய் எழுதலாம் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. அதற்கப்புறம்தான் மற்றதைக் கேட்டாள்: "நேரில் போய் ஸாரி சொன்னீர்களா?"

"லெட்டர் போட்டேம்மா."

"லெட்டரா?" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வங்கிக் கடிதம் வந்தால் இப்போதும் படித்துத்தான் சொல்கிறாள். ஆனால் ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டிக் காட்டிப் படிக்கிறாள்.

8

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். தனியாகத்தான். பத்து வருஷத்தில் முதல் தடவை. அம்பத்தூரில் வசந்தியின் அண்ணன் வீட்டில் தங்கினேன். பருத்திப்பட்டுக்கு வந்து தங்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள் மத்தியானம் நானாகப் போனேன். அம்மா என் முகத்தைத் தடவிப் பார்த்து அழுதாள். பார்வை மங்கிவிட்டது. பழனி உள்ளேயிருந்து வந்தான். முப்பத்திரண்டு வயதுக்கு முன்நெற்றியில் முடி ஏறிவிட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான்.

"வாங்க" என்றான். "எப்ப வந்தீங்க?"

பிறந்ததிலிருந்து அவன் என்னை நீ என்றுதான் கூப்பிட்டவன். எங்கள் வீட்டில் அண்ணனை யாரும் நீங்க போடுவதில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். அவன் கல்யாணம் எனக்குத் தெரியும். பெண் யார் என்று அம்மா எழுதச் சொல்லவில்லை. "மல்லிகா" என்று பழனி பெயரைச் சொன்னதும்தான் புரிந்தது. அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்துச் சொன்னவள். அவள் என்னை நேராகப் பார்த்து, "சர்க்கரை போதுமா பாருங்க" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நைனா பெயரிலிருந்த வீட்டைப் பழனி பெயருக்கு மாற்றுவதற்கு என் கையெழுத்து வேண்டியிருந்தது. இங்கிலீஷில் டைப் அடித்த இரண்டு தாள். பழைய பழக்கம். "குடு, இன்னா போட்டுகீதுன்னு படிச்சி சொல்றேன்" என்று கையை நீட்டிவிட்டேன்.

"வேணாங்க. நான் படிச்சிட்டேன்" என்றான் பழனி. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலில் குறித்திருந்தான். தாளைத் திருப்பி ஒவ்வொரு பத்தியாக எனக்கு விளக்கினான். நிதானமாக, ஒன்றையும் விடாமல். இங்கிலீஷ் வார்த்தைகளைச் சுத்தமாகச் சொன்னான். மல்லிகா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

"பழனி" என்றேன். "டாங்கு விசயத்துல நான் பண்ணது தப்புடா. பெரிய தப்பு. உங்கிட்ட சொல்லத்தான் வந்தேன்."

அவன் தாள்களை அடுக்கிக் கவரில் போட்டான்.

"நாய நீங்க கேட்டிருந்தா குட்த்திருப்பேன்" என்றான். "லெட்டருக்காவதான்னு சொல்லியிருந்தா, நானே கொண்டாந்து அவரு ஊட்ல கட்டிட்டு வந்திருப்பேன். உங்களுக்கோசம் அது கூட செய்ய மாட்டனா?" கவரின் வாயை மடித்து நகத்தால் அழுத்தினான். "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு உங்களுக்கு மட்டுந்தான் முழுசா தெரியும். ஊரு சிரிக்கும்போதெல்லாம் நீங்க ஒருத்தர்தான் சிரிச்சதில்ல. அந்த வரி எங்க கீதுன்னு கேட்டனே, வெரல வச்சிக் காட்னீங்களே. அதான்."

"என்னை மன்னிச்சிடுடா."

"டீ ஆறுது பாருங்க" என்றான். எழுந்து போய்விட்டான்.

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோ பிடித்துத் தரப் பழனி கூட வந்தான். ஆட்டோ வந்து நின்ற சமயம் அவன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஆறு வயது. எங்கள் அம்மாவின் மூக்கு, எங்கள் நைனாவின் நெற்றி. பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தவள் என்னைக் கண்டதும் அப்பாவின் காலுக்குப் பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

"யாருப்பா?"

பழனி அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவன் செருமியதும் நிறுத்திக்கொண்டாள்.

"ஃபாரின்லேர்ந்து வந்துகீறாரு" என்றான் பழனி. "அங்கிளுக்கு டாட்டா சொல்லு."

குழந்தை வெட்கத்தோடு கையை ஆட்டியது. "டாட்டா அங்கிள்."

'நான் உன் பெரியப்பாம்மா' என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆட்டோக்காரர் மீட்டரைத் திருப்பினார். நானும் கையை ஆட்டினேன்.

"டாட்டா" என்றேன்.